தகட்டுக்கு அடியில் இருக்கும் துணி: இடைக்கால விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

இடைக்கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்டு, ஆடுபவர் ஒரு பாத்திரமாகவே வாழும் ரோல்-பிளேயிங் வீடியோ கேம்களை உருவாக்கும் கலை இயக்குநர்களுக்கும், அவற்றின் சண்டை விதிகளை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு புதிய விளையாட்டைத் தொடங்கி, முதல் இரண்டு மணி நேரத்தில் சேர்த்த காசையெல்லாம் கொட்டி என் வீரனுக்கு ஓர் இரும்பு மார்புக்கவசம் வாங்கினேன். பொருட்பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்ததும் அவன் போட்டிருந்த துணிச்சட்டை மறைந்து, வெற்றுடம்பின் மேல் இரும்பு வந்து உட்கார்ந்தது. கேமராவை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். வார் இல்லை, கொக்கி இல்லை. முன்தகடும் பின்தகடும் எதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. தோள்களில் முறம் அகலத்துக்கு இரண்டு தகடுகள்; அவன் வாளை ஓங்கும்போதெல்லாம் அவற்றின் விளிம்பு தாடைக்குள் புகுந்து வெளியே வந்தது. அடுத்த காட்டுவழியில் ஒரு வழிப்பறிக்காரன் வாளை மார்புக்குக் குறுக்கே வீச, அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இரும்பின் மேல் பட்ட அந்த ஒரே வீச்சில் என் வீரனின் உயிரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அன்றிரவே இம்மடலை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஒரு கோட்டைச் சுவரின் பாசிக்கும் மெழுகுவத்தியின் நிழலுக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையை ஆண்டுக்கணக்கில் பார்த்து மகிழ்ந்தவன் நான். அதே அக்கறை, எண்பது மணி நேரம் எங்கள் கண்முன் நடந்துகொண்டே இருக்கும் அந்த மனிதனின் உடம்பின் மேலும் விழ வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உண்மையான கவசத்தில் ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஓர் ஆயுதத்துக்குப் பதிலாகச் செய்யப்பட்டது. அந்தக் காரணத்தை ஓவியரும் விதி எழுதுபவரும் ஒன்றாக அமர்ந்து படித்தால், தோற்றமும் சண்டையும் தாமாகவே ஒன்றுக்கொன்று பொருந்திவிடும்.

துணியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் விளையாட்டுகளில் பெரிய அநியாயம் நேர்ந்திருப்பது அதற்குத்தான். லினன் துணியைப் பல அடுக்குகளாக வைத்தோ, இடையில் பஞ்சைத் திணித்தோ, நெருக்கமாகத் தைத்த கனத்த சட்டையைத்தான் காம்பிசன் என்கிறார்கள். சாதாரணக் காலாள் வீரனுக்குப் பெரும்பாலும் அதுவே முழுக் கவசம். பிரான்சின் பதினோராம் லூயி மன்னர் காலத்து ஆணை ஒன்று, இத்தகைய சட்டைக்கு 25 முதல் 30 அடுக்குத் துணியும் ஒரு மான்தோலும் வேண்டும் என்று விதிக்கிறது. அத்தனை அடுக்குத் துணியை ஒருமுறை மடித்து வைத்துக் கத்தியால் அறுத்துப் பார்த்தால், அந்த ஆணையை எழுதியவரின் அனுபவம் புரிந்துவிடும். சிறு இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய வளையக் கவசம் அணிந்தவனுக்கும் இத்துணி தேவைப்பட்டது; வளையங்கள் வாளின் கூர்மையைத் தடுக்குமே தவிர, அடியின் வேகத்தை எலும்புக்குப் போகாமல் தடுப்பது அடியில் இருக்கும் மெத்தைதான். தகட்டுக் கவசம் அணிந்த குதிரைவீரனின் உட்சட்டையிலோ ஆங்காங்கே துளையிட்டு மெழுகு பூசிய நாடாக்கள் கோக்கப்பட்டிருந்தன. கைத்தகடுகள் அந்த நாடாக்களில்தான் தொங்கின. கவசத்தைச் சுமப்பதே அந்தத் துணிதான்.

இவ்வளவும் செய்த துணிக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் என்ன? உங்களில் பலருக்கு இன்றும் வழிகாட்டியாக இருக்கும், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்பில், காம்பிசன் போன்ற மெத்தைச் சட்டையின் பாதுகாப்பு எண் 11; எண் கூடக்கூட அடிபடுவது அரிதாகும். குமிழாணி பதித்த தோல்சட்டைக்கு 12. முழுத் தகட்டுக்கு 18. அந்தப் பட்டியலைப் பார்த்து வளர்ந்தவர்கள், துணிச்சட்டை என்பது முதல் கிராமத்தைத் தாண்டியதும் விற்றுவிட வேண்டிய கந்தல் என்றுதான் நினைப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஆணி பதித்த தோல்சட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்கைரிம் என்ற வீடியோ கேமிலும் அது உண்டு, பால்டர்ஸ் கேட் மூன்று என்ற கேமிலும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில்தான் அப்படியொரு கவசம் இருந்ததற்குச் சான்றில்லை. பழைய ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் சட்டையின் மேல் வரிசை வரிசையாகத் தெரியும் குமிழ்கள் உண்மையில் ரிவெட்டுகள் எனப்படும் பிணைப்பாணிகளின் தலைகள். அவை பிடித்திருக்கும் இரும்புத் தகடுகள் துணிக்கோ தோலுக்கோ உட்புறத்தில் மறைந்திருக்கின்றன. இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1361 ஜூலையில் டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமாரின் படை, காட்லாந்து தீவின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே தீவின் உழவர்களைத் தோற்கடித்தது. கோடை வெயிலில் உடல்கள் கெடுவதற்குள் அவசரமாகப் புதைத்ததாலோ என்னவோ, பலரைக் கவசத்தோடே குழியில் இட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளோடு, தகடு பதித்த சட்டைகளும் கிடைத்தன. மேலிருந்த துணியும் தோலும் மட்கிப்போக, உள்ளே இருந்த இரும்பு மட்டும் வரிசை கலையாமல் மிஞ்சியிருந்தது. அந்தச் சட்டைகளில் ஒன்றை அப்படியே எடுத்து உங்கள் விளையாட்டில் வையுங்கள். வெளியே சிவப்புத் துணி, அதன் மேல் மின்னும் ஆணித்தலைகள், உள்ளே இரும்பு என்று அமைந்தால், நீங்கள் கற்பனையில் வரைந்த தோல்சட்டையைவிட அது அழகாகவே இருக்கும்.

அடுத்து வாள். நல்ல எஃகுத் தகட்டை வாள் வீச்சு வெட்டாது. அதனால்தான் 15-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய, ஜெர்மானியப் போர்ப்பயிற்சிச் சுவடிகளில், கவசம் அணிந்தவனோடு மோதுபவன் ஒரு கையால் தன் வாளின் நடு அலகையே பற்றி, அதைக் குட்டை ஈட்டிபோல் அக்குளிலும் முகத்தகட்டின் இடுக்கிலும் செருகுகிறான். அல்லது வாளைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் சம்மட்டிபோல் அடிக்கிறான். போர்ச்சுத்தியலும் நீண்ட காம்புடைய போர்க்கோடரியும் பெருகியதற்கும் இதே காரணம். இதை விதியாக எழுதிப் பாருங்கள். வீச்சு வீணாகும், எதிரியை மடக்கி விழவைக்க வேண்டும், இடுக்கைத் தேட வேண்டும், எந்த ஆயுதத்தோடு கிளம்புகிறோம் என்பதை வீட்டிலேயே யோசிக்க வேண்டும். ஓர் எண்ணை இன்னோர் எண்ணிலிருந்து கழிப்பதைவிட இதில் எவ்வளவு விளையாட்டு இருக்கிறது!

தலைக்கவசத்தைக் கழற்றிவைத்த நாயகர்களை நீங்கள் கைவிட வேண்டும். 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் இறந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரில் கிடைத்தது. இறக்கும் தறுவாயில் எலும்பில் பட்ட 11 காயங்களில் 9 மண்டையோட்டில் இருந்தன. கைகளில் தற்காப்புக் காயம் எதுவும் இல்லை. உடம்பில் கவசம் இருந்திருக்கிறது, தலையில் மட்டும் இல்லாமற்போயிருக்கிறது என்று ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள். ஒரு மன்னரின் எலும்பே இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்லும்போது, திரையில் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் நாயகனை வெறுந்தலையோடு அம்புமழைக்குள் அனுப்பாதீர்கள். பேசும் காட்சியில் முகத்தகட்டை அவன் கையாலேயே உயர்த்தட்டும். சண்டைக்கு முன் அதை இறக்கட்டும். பிராகாவைச் சேர்ந்த வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட கிங்டம் கம்: டெலிவரன்ஸ் விளையாட்டில் முகத்தகடு இறங்கியதும் திரையே ஒடுங்கிச் சிறு இடுக்காகிவிடுகிறது. முதன்முறை அது நிகழ்ந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் தேடினேன்.

எடையிலும் ஒரு திருத்தம் வேண்டும். போர்க்களத்துக்கான முழுத் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோதான்; அதுவும் உடம்பெங்கும் பரவித் தொங்குவது. பூசிக்கோ என்ற பெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுத் தளபதி, தலைக்கவசம் நீங்கலாக முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் அடித்ததாக அவர் வாழ்நாளிலேயே எழுதப்பட்ட வரலாறு கூறுகிறது. ஆகவே கவசம் அணிந்தவனை யானைபோல் தள்ளாட வைப்பது தவறு. ஆனால் அவன் விரைவில் களைப்பான். 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவசம் பூண்ட தன்னார்வலர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்து அளந்தபோது, செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. கால்களில் பூட்டிய தகடுகளின் பங்கு அதில் பெரிது. மார்புத்தகடு இறுக்குவதால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் முடியவில்லை. எனவே வேகத்தைத் தொடாதீர்கள், மூச்சைக் குறையுங்கள். எப்போது ஓடுவது, எப்போது நின்று முகத்தகட்டை உயர்த்தி மூச்சுவாங்குவது என்பதை ஆடுபவர் முடிவு செய்யட்டும்.

பெண் பாத்திரங்களுக்கும் இதே கவசத்தைக் கொடுங்கள். 1429-இல், பிரெஞ்சுப் படையோடு களம் சென்ற இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்குக்காக டூர் நகரக் கொல்லருக்கு அக்காலப் பிரெஞ்சு நாணயத்தில் 100 லீவ்ர் கொடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது. கணக்கில் எழுதியிருப்பது முழுக் கவசத்துக்கான விலை. தொடையும் வயிறும் திறந்த கவசத்துக்கு எவரும் அவ்வளவு பணம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் விளையாட்டின் சுவையைக் கெடுக்கும் என்று உங்கள் கூட்டங்களில் ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். 1403-ஆம் ஆண்டின் பொஹிமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியில், நடக்கும் அந்தக் கிங்டம் கம் விளையாட்டு, துணி, வளையம், தகடு என்று அடுக்கடுக்காக உடுத்த வைத்தது. வெட்டு, குத்து, அடி மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தது. அதன் இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியில் வெளிவந்த ஒரே நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்றது. டிராகன்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிராகன் வரும்போதும் என் வீரன் எதை உடுத்தி நிற்கிறான் என்பது எனக்கு முக்கியம்.

உங்கள் அடுத்த விளையாட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால், முதல் கிராமத்தில் எங்களுக்குக் கிடைக்கும் அந்த மெத்தைச் சட்டையைத் திருத்துங்கள். அதன் தையல் வரிகளை ஓவியர் எண்ணி வரையட்டும். வாள் வீச்சு ஒன்று அதில் பட்டு, மேலடுக்குகள் கிழிந்து பஞ்சு வெளியே தெரிய, உள்ளே இருப்பவன் உயிரோடு நிற்கட்டும். பிறகு இரும்பு வாங்கும்போது, அந்தச் சட்டையின் மேலேயே இரும்பை அணிய விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுகளை நெடுநாளாக ஆடிவரும் ஒருவன்