சிங்கப்பூர் பேக்கேஜ் விற்கும் டெல்டா டிராவல்ஸ்காரர்களுக்கு

வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று இந்தப் பக்கத்தில் வெளிநாட்டு டூர் நடத்தும் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். இருவரும் சிங்கப்பூர் போகலாம் என்று விசாரித்தால், கடைக்குக் கடை ஒரே பதில்: "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா, நாலு பேர் தூக்கிவிட்டுருவாங்க." அவரை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம் சொல்கிறீர்கள். நாலு பேர் தூக்குகிற நாள் எல்லோருக்கும் ஒருநாள் வரும், அதை இப்போதே டூரில் சேர்க்க வேண்டாம் என்கிறார் அவர்.

டிக்கெட் போடும்போது "வீல்சேர் வேணும்" என்று மட்டும் போட்டால் போதாது. விமான நிறுவனங்களின் குறியீட்டில் டபிள்யூசிஎச்ஆர் (WCHR) என்றால் பயணி படி ஏறுவார், அதிக தூரம்தான் நடக்க முடியாது. டபிள்யூசிஎச்எஸ் (WCHS) என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் நடப்பார். டபிள்யூசிஎச்சி (WCHC) என்றால் சீட்டில் உட்காரும்வரை உதவி வேண்டும். அவருக்கு இந்த மூன்றாவது. எல்லோருக்கும் முதலாவதையே தட்டிவிட்டால், சீட்டுகளுக்கு நடுவே போகும் குறுகலான நாற்காலி வாசலுக்கு வராது. அப்புறம் அந்த நாலு பேரைத் தேட வேண்டியதுதான்.

மோட்டார் நாற்காலி என்றால் பேட்டரி விவரத்தையும் கேளுங்கள். கழற்றுகிற லித்தியம் பேட்டரி ஒன்றாக இருந்தால் அதன் கொள்ளளவு 300 வாட் ஹவரைத் தாண்டக்கூடாது. கழற்றிக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்பே ஒப்புதலும் வாங்க வேண்டும்.

திருச்சியிலிருந்து நேர் விமானமே போடுங்கள். ஏறத்தாழ நாலு மணி நேரம். இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது என்று சென்னை வழியாகச் சுற்றவிட்டால், நாற்காலி மாறுவதும் இரட்டிப்பு, கழிப்பறைக் கவலையும் இரட்டிப்பு. சிறிய விமானத்துக் கழிப்பறைக்குள் அவரால் போக முடியாது. நேரம் பார்த்துத்தான் தண்ணீரே குடிப்பார்.

சிங்கப்பூரில் சுற்றுவது பற்றி எங்களுக்குப் பயம் இல்லை. எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, டவுன் பஸ்ஸில் சாய்தளம் போட்டு ஏற்றுகிறார்கள். அந்த ஊருக்குப் போயும் உங்கள் பேக்கேஜில் உயரமான படி வைத்த சொகுசு கோச்! அதை எடுத்துவிடுங்கள். விமானம், விசா, ஓட்டல் போதும், சுற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஓட்டல். "வீல்சேர் ரூம் இருக்கு சார்" என்று அங்கே சொன்னதை அப்படியே எங்களிடம் சொல்லாதீர்கள். வாசலில் சாய்தளம் இருந்தாலே அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நாற்காலியின் அகலம் 25 அங்குலம். பாத்ரூம் கதவு திறந்தபின் எத்தனை அங்குலம் இடைவெளி, குளிக்கும் இடத்தில் தடுப்போ தொட்டியோ உண்டா, கம்மோடு பக்கத்தில் கைப்பிடி இருக்கிறதா? ஓட்டலில் கேட்டு, போட்டோவோடு எழுதி வாங்கித் தருகிறவருக்கு அன்றைக்கே அட்வான்ஸ் கட்டிவிடுகிறோம். டிஸ்கவுண்ட் எதுவும் வேண்டாம்.