அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்

தமிழ்க் கிறிஸ்தவப் பதிப்பகங்களை நடத்துகிறவர்களுக்கும், சபைப் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கும், கர்த்தருக்குள் அன்பான வாழ்த்துகள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 63. ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பழைய மிஷன் ஊர். வேலையை விட்டு வந்த பிறகு மூன்று வருஷமாக உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன். கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றுக்கு அதை அனுப்பி வைத்தேன். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். நடை நன்றாக இருக்கிறது, கிராமத்துச் சபை கண்முன்னே நிற்கிறது, வசனங்கள் பொருத்தமான இடத்தில் வருகின்றன என்று மனதாரப் பாராட்டியிருந்தார்கள். ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டார்கள்.

கதாநாயகி 58 வயது விதவை. கடைசி அத்தியாயத்தில் அவளுக்கும், மனைவியை இழந்த ஒருவருக்கும் கோயிலில் கல்யாணம் நடக்கிறது. அதை எடுத்துவிட்டு, அவள் அந்தச் சம்பந்தத்தை மறுத்து முழுநேர ஊழியத்துக்குப் போவதாக முடித்தால் அச்சிடலாம் என்று எழுதியிருந்தார்கள். கடைசிவரை விதவையாகவே இருந்த அன்னாள் தீர்க்கதரிசியைப் போல என்று ஒரு உதாரணமும் சொல்லியிருந்தார்கள்.

மரியாதையான கடிதம்தான், எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் இதற்கு முன்னால் ஒரு சபைப் பத்திரிகைக்கு இதே மாதிரி ஒரு சிறுகதை அனுப்பியபோதும் இதே மாற்றத்தைத்தான் கேட்டார்கள். அதனால்தான் ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் கடைசித் தங்கை, எனக்குச் சித்தி. 38 வயதில் சித்தப்பாவை இழந்தார். பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். அவருக்கு 59 வயது நடக்கும்போது பக்கத்துச் சேகரத்துச் சபையிலிருந்து ஒருவர், போதகரின் மனைவியான ஐயரம்மா மூலமாகக் கேட்டு அனுப்பினார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி இறந்து ஆறு வருஷம் ஆனவர். குடும்பம் கூடியது. நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். பேரன் பேத்தி எடுத்த பிறகு என்ன கல்யாணம், ஊர் என்ன பேசும், மகளின் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். அப்புறம், வேண்டாம் என்று ஐயரம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டோம். அவ்வளவு நேரமும் சித்தி அடுப்படியில் எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு 14 வருஷம் இருந்தார், தனியாகத்தான். ஒரு தடவை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். இரண்டு நாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிய வந்தது. கடைசி வருஷத்தில் ஒரு நாள் நான் அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்காமல் அவராகவே சொன்னார்: "நான் வேண்டாம்னு சொல்லல. எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை நாம் எத்தனையோ கல்யாணப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆபிரகாமின் ஊழியக்காரன் ஈசாக்குக்குப் பெண் கேட்டு வருகிறான். சகோதரனும் தாயும், "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்" என்கிறார்கள். ரெபெக்காளைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவளும் போகிறேன் என்கிறாள். சின்னப் பெண்ணான அவளிடம் கேட்டார்கள். 21 வருஷம் ஒற்றை ஆளாய்க் குடும்பத்தைத் தூக்கிய என் சித்தியிடம் நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாரத்தோடுதான் இந்த நாவலை எழுதத் தொடங்கினேன். கதையில் வரும் பெண்ணிடம் கேட்கிறார்கள், அவள் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலைத்தான் நீங்கள் மாற்றச் சொல்கிறீர்கள்.

கதையில் அவளைக் கட்டப்போகிறவர் ஒரு கருப்பட்டி வியாபாரி. அவள் டீச்சர். இருவருக்கும் இடையில் ஏதோ இருக்கிறது என்று வாசகருக்கு முதலில் தெரிய வருவது அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, முந்தின ராத்திரி. உங்களில் நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ராத்திரியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில் வளாகத்தில் விளக்குப் போட்டு, பாய் விரித்து, ஊரே உட்கார்ந்து காய் வெட்டும். சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கும். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது கண்ணைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறார். டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் அவர் முன்னால் இருந்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு தாம்பாளம் கத்தரிக்காயை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அரிவாள்மனை அவர் காலுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துச் சொல்ல வருகிறாள். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த ஆண் யாரானாலும் அண்ணாச்சிதான். பேச்சை எடுக்கும்போதே அந்த வார்த்தை தானாக வந்துவிடும். இருபது வருஷமாக அவரை அவள் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு "அண்ணாச்சி" வாயில் வரவில்லை. "கால் பாத்து" என்று மட்டும் சொல்கிறாள். வீட்டுக்குப் போய், அந்த வார்த்தையை ஏன் சொல்லவில்லை என்று நினைத்து நினைத்து விடியும்வரை தூங்காமல் கிடக்கிறாள்.

இந்த இடத்தில்தான் பென்சிலால் கோடு போட்டு, சபையார் தவறாக எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தது. ஐயா, நாவல் முழுவதிலும் இதைவிட அந்தரங்கமான இடம் கிடையாது. ஒரு பெண் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதற்கே சபை இடறும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். காதலைப் பாடும் உன்னதப்பாட்டைத் தங்கள் வேதாகமத்தில் வைத்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் நம்முடையவர்கள்.

இன்னொரு இடம் கல்லறைத் திருநாள், நவம்பர் 2. இரண்டு பேரும் அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்ய வருகிறார்கள். அவர் மனைவியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துச் செவ்வந்தி வைக்கிறார். அவள் கணவர் கல்லறையில் மெழுகுவர்த்தி தேரிக்காற்றில் அணைந்து அணைந்து போகிறது. அவர் வந்து சிவப்பு மணலில் கையால் குழி பறித்து, திரி மட்டும் மேலே தெரிகிற மாதிரி மெழுகுவர்த்தியை இறக்கி வைக்கிறார். அப்போது அவள் கேட்கிறாள்: "அங்கே போனா நான் யார்கூட இருப்பேன்?"

விசுவாசியான எந்த விதவைக்கும், மனைவியை இழந்த எவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. மற்ற காதல் நாவல்களில் இது வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. மரணத்துக்கு அப்பால் சந்திப்போம் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இது கேள்வி. ஏழு சகோதரரை ஒருவர் பின் ஒருவராகக் கட்டிய பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாவாள் என்று சதுசேயர் இயேசுவிடம் கேட்டபோது, அங்கே கொள்வனையும் கொடுப்பனையும், அதாவது பெண் எடுப்பதும் கொடுப்பதும், இல்லை என்று அவர் பதில் சொன்னார். அந்த வசனம் என் கதையில் வரும் பெரியவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் அதை உடனே எடுத்துச் சொல்வதில்லை. தன் மனைவியைக் கடைசி எட்டு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அவர். "அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்னு எனக்கும் தெரியல டீச்சர்" என்கிறார். இரண்டு பேரும் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கிறிஸ்தவக் காதல் நாவல் என்று ஒன்று தனியாக இருப்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும் என்பது என் எண்ணம். இருபது வயதுப் பிள்ளைகளை வைத்து இந்தக் காட்சியை எழுத முடியாது.

சரி, அன்னாள். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வருகிற அந்தத் தாயாரை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழு வருஷம் கணவரோடு வாழ்ந்து, அதன் பிறகு தேவாலயத்தை விட்டு நீங்காமல் உபவாசத்திலும் ஜெபத்திலும் இருந்தவர். அந்த வழியைத் தேர்ந்தெடுத்த விதவைகள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள், அவர்கள் ஜெபத்தால் வாழ்கிற வீடுகள் பல. ஆனால் வேதம் அன்னாளை மட்டுமா நமக்குக் காட்டுகிறது? ரூத்துக்கு மறுமணம் பேசியது அவள் மாமியார் நகோமி. போவாஸ் வாலிபர் இல்லை என்பது அவர் வாயாலேயே தெரிகிறது. வாலிபரின் பிறகே நீ போகவில்லையே என்று அவளைப் பாராட்டுகிறார். அந்தக் குடும்பத்தில்தான் தாவீது பிறந்தார். சாராள் 127 வயதில் இறந்தபோது ஆபிரகாமுக்கு 137. மகன் ஈசாக்கின் கல்யாணத்தோடு 24ஆம் அதிகாரம் முடிகிறது. 25ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆபிரகாம் கேத்தூராளை விவாகம் பண்ணுகிறார். பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, கணவன் மரித்த பின்பு மனைவி தனக்கு இஷ்டமானவரை விவாகம்பண்ண விடுதலையாயிருக்கிறாள் என்கிறார், கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அந்த வசனத்தில் வயது சொல்லவில்லை.

ஊழியத்துக்குப் போகிறேன் என்று அவளே முடிவெடுத்தால் நான் தலைவணங்கி அப்படியே எழுதுவேன். கல்யாணத்தை மறைப்பதற்கு ஊழியத்தை ஒரு திரைபோல் இழுத்து விடுவதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. அது ஊழியத்துக்கும் மரியாதை இல்லை.

பிள்ளைகளின் மனவருத்தத்தை நீங்கள் இன்னொரு காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். அது நியாயமான பயம். அதை நான் ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. பதினோராவது அத்தியாயம் முழுவதும் அதுதான். பெங்களூரில் இருக்கும் கருப்பட்டி வியாபாரியின் மகன், வீடு கைவிட்டுப் போகுமோ என்று பயப்படுகிறான். அதற்காக எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போய்ப் பாடம் கேட்டேன். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்த உயில் அவர் கல்யாணம் செய்தவுடன் செல்லாமல் போய்விடும். 69ஆம் பிரிவு அது. புதிதாக உயில் எழுதாமல் இறந்துபோனால், பிள்ளைகள் இருக்கிற பட்சத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். இது நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் கதையில் கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகிறார்கள். அவர் வீட்டைப் பிள்ளைகளுக்கும், ஆயுள்வரை அதில் குடியிருக்கும் உரிமையை அவளுக்கும் எழுதி வைக்கிறார். மகனுக்கு அன்றைக்கே மனம் இளகிவிடுவதில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் வீட்டுக்கு வருகிறான், வந்தும் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பேச்சை விழுங்குகிறான். இதை வாசித்து ஒரு குடும்பமாவது சண்டைக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் அதுவும் ஊழியம்தானே?

தமிழில் முதல் நாவலை எழுதியவர் ஒரு கிறிஸ்தவர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1879இல் அது அச்சானது. 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசன், பனை ஏறுகிற குடும்பத்துப் பையனை விரும்பிய லிஸியின் கதையைக் குமரி மாவட்டத்து மண்ணிலிருந்து எழுதினார். நம் வீட்டுப் பேச்சு, நம் கோயில், நம் சாதிக் கோபம் எல்லாம் அதில் இருந்தது. நாவல் நமக்குப் புதிதான கலை இல்லை. லிஸி போன்ற பெண்கள் இன்றைக்கு எழுபது எண்பது வயதில் வெள்ளைச் சேலையோடு நம் கோயில்களின் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாசிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? தியானப் புத்தகம் இருக்கிறது, சாட்சிப் புத்தகம் இருக்கிறது. அவர்கள் கதாநாயகியாக வரும் கதை எங்கே?

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வயதானவர்களின் கல்யாணத்தில் முடிகிற கதை வந்தால், முடிவை மாற்றச் சொல்லாமல் வாசித்துப் பாருங்கள். மோசமான எழுத்தென்றால் திருப்பி அனுப்புங்கள், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அச்சிட்டால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கிறவர்கள்தான் இதற்கு முதல் வாசகர்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் மூன்று வெள்ளிக்கிழமை இந்த நாவலை உரக்க வாசித்தேன். மூன்றாவது வாரம், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்கிற கல்யாண ஓலையை வாசிக்கிற இடம் வந்தபோது, 71 வயது அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்த ஓலையை மறுபடி வாசி" என்றாள். வாசித்தேன். மூன்று ஞாயிறுக்கு மூன்று தடவை வாசிக்கணுமே என்றாள். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

இந்த வாரம் பிரதியை நல்ல தாளில் மறுபடி எழுதி முடித்துவிட்டேன். 231 பக்கம். ஓலை வாசிக்கிற பக்கம் அப்படியே இருக்கிறது, பென்சில் கோடு போட்ட பத்தியும் இருக்கிறது. உங்களில் யார் கேட்டாலும் மறுநாளே தபாலில் அனுப்பி வைக்கிறேன். முதல் பக்கத்தில் சித்தியின் பெயரைப் போட்டிருக்கிறேன், அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

கர்த்தருக்குள்,
தேரிக்காட்டு ஓரத்திலிருந்து ஒரு தமிழாசிரியை