பழைய கார் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்பு மாப்ளே,

உன் பெரியவனுக்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவன் வந்ததும் மலிவாக ஒரு பழைய கார் பிடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். போன வாரம்தான் என் கார் நடுவழியில் படுத்தது, அதனால் சூடு ஆறுவதற்குள் பதில் எழுதுகிறேன்.

மியூனிக் போகிற ஏ8 ஆட்டோபானில் (இங்கத்திய அதிவேக நெடுஞ்சாலை), உல்ம் ஊருக்கு முன்னால், ஸ்வேபிய ஆல்ப் மலைமேல் ஒரு நீண்ட ஏற்றம். பாதி ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அங்கே ஒதுங்க இடம் கிடையாது, பின்னால் லாரி வரிசை. எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது உள்ளே இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, கொளுத்தும் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து எப்படியோ மேலே வந்து ஓரம் கட்டினேன்.

நம்ம ஊராக இருந்தால் பானெட்டைத் திறந்ததுமே நாலு பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் நிற்கமாட்டார்கள், வேகவரம்பு இல்லாத நீளங்கள் உள்ள சாலையில் நிற்பதும் ஆபத்துதான். நாமும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. மஞ்சள் எச்சரிக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு (அது வண்டியில் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம்), வலதுபக்கக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் நிறுத்தி, எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 100 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு வர வேண்டும். செல்போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் கவலையில்லை, ஓரக் கம்பங்களில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் போனால் அவசரத் தொலைபேசி கிட்டத்தில் இருக்கும் என்று காட்டும்.

உதவிக்கு ஏடிஏசியைக் கூப்பிட்டேன். அது ஒரு வாகன ஓட்டிகள் சங்கம், 1903இல் இதே ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது, இன்று 2 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். அவர்களுடைய மஞ்சள் வண்டியில் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓடவைக்கிற வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, இங்கே வைத்துச் சரிசெய்ய முடியாது என்று வண்டியை ஏற்றிப்போக லாரியை வரச் சொல்லிவிட்டார்.

மாப்ளே, பம்ப் விலை பெரிதில்லை. ஆனால் என் காரில் அது டைமிங் பெல்ட்டுக்கு (எஞ்சின் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட்டும் பட்டை) பின்னால் இருக்கிறது, அதை எட்ட எஞ்சினின் ஒரு பக்கத்தையே கழற்ற வேண்டும், கழற்றியதோடு பெல்ட்டையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மணிக்கணக்கில் கூலி. மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட், காரை விற்றால் கிடைக்கும் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இங்கே சாமானைவிடக் கைதான் விலை. என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஷிஃப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

உன் பையனுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போக மாதச் சீட்டு இருக்கிறது, 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, இப்போது கொஞ்சம் ஏறிவிட்டது, மாணவர்களுக்குச் சலுகை உண்டு. நம்ம லைசென்ஸும் இங்கே குடிவந்து ஆறு மாதம்தான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். புது டிரைவருக்கு இன்சூரன்ஸ் வேறு கொள்ளை. ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்ப்போம்.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று? டாக்டர் தேதி கொடுத்தாரா? எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்