பென்சிலால் ஒரு கேள்விக்குறி

அம்மா நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நான் எழுதிய நாவலும் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து நன்றி சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

இரத்தம் கொடுத்த தம்பிமார், கொக்குவிலிலிருந்து நாள் தவறாமல் இடியப்பமும் சொதியும் அனுப்பிய மாமி, எந்தச் சாமத்திலும் வந்து நின்ற ஓட்டோ அண்ணை, கனடாவில், ஸ்காபரோவில் நித்திரை முழித்துக் கதைத்த அக்கா, விடுதித் தாதிமார் எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த இன்னொரு அம்மாவின் கணவர் அவர். காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். விறாந்தை வாங்கில் பார்வை நேரத்துக்குக் காத்திருந்தபோது என் மடியில் கிடந்த நாவலின் அச்சுப்படியைப் பார்த்து, "என்ன பிள்ளை, சோதனைப் பேப்பரோ?" என்றார். வயதான ஒரு தாய், வளர்ந்த நாலு பிள்ளைகள், காணாமற்போன காணி உறுதிப் பத்திரம், அதைத் தேடும் கதை என்றேன். தாருங்கோ என்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் திருப்பித் தந்தபோது கடைசி அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"கோவிக்கப்படாது பிள்ளை. இந்த மனிசி காணியை வித்திருக்கேலாது. சீதனக் காணியெண்டாலும் எங்கட யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிடி."

கதையில் கணவர் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் காணாமற்போனவர். அப்படியென்றால் அவருடைய ஒப்பத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போடலாம். புருசன் இருக்கிற இடம் தெரியாதெண்டு சொல்ல வேணும்."

நாவலை இனிமேல் வாசிக்கப்போகிறவர்கள் அடுத்த பந்தியை விட்டுவிடுங்கள்.

தாய் பிள்ளைகளுக்குத் தெரியாமல் காணியை விற்றுவிட்டாள் என்றுதான் முதலில் முடித்திருந்தேன். அன்று இரவு கட்டிலோரம் இருந்து அதை மாற்றி எழுதினேன். அவள் விற்கவே இல்லை. வீட்டுக்காரர் இருக்கிற இடம் தெரியாது என்று ஒரு தாளில் ஒப்பமிட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உறுதியை ஒளித்துவைத்தாள். இத்தனை வருடமும் பிள்ளைகள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அம்மா விழித்திருந்தார். அவர் எத்தனை விஷயத்தை எங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பார் என்று அன்றுதான் யோசித்தேன். வீட்டுக்கு வந்தால் இருந்து கேட்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

கடைசி நேரத்தில் அச்சை நிறுத்தி வைத்து, முகம் சுளிக்காமல் புதிய பக்கங்களைக் கோத்துத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

ஐயா, மனைவியைக் கூட்டிக்கொண்டு நல்லூர்ப் பக்கம் போகிறோம் என்று மட்டும் சொன்னீர்கள். இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால் ஒரு சொல் அனுப்புங்கள். முதல் பிரதியில் இன்னும் யார் பெயரும் எழுதவில்லை. உங்கள் பென்சிலும் என்னிடம்தான் இருக்கிறது.