பாட்டுச் செயலி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: எழுதியவர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மாதம் தவறாமல் சந்தா கட்டி உங்கள் செயலியில் பாட்டுக் கேட்கிறவன் நான். போன வாரம் ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’ என்ற அமெரிக்கப் பாட்டைத் தேடினேன். வில்லி நெல்சன், மெர்ல் ஹாகர்டு என்ற இரண்டு பிரபலப் பாடகர்கள் பின்னால் பாடியதை ‘அசல் பாடல்கள்’ என்ற தொகுப்பில் வைத்திருந்தீர்கள். தவறு என்று எழுதிப் போட்டேன். “தகவல்கள் இசை நிறுவனங்கள் தருபவை, தங்கள் பொறுமைக்கு நன்றி” என்று பதில் வந்தது. அந்தப் பொறுமை தீர்ந்துபோனதால்தான் இந்த மடல்.

பாட்டை எழுதியவர் டவுன்ஸ் வான் ஸாண்ட் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் 1972இல் பாடி வெளியிட்ட பதிவும் உங்களிடமே இருக்கிறது. டெக்சஸ்காரர், 1997 புத்தாண்டு அன்று 52 வயதில் போய்விட்டார். இருந்தவரை அவர் குரலில் ஒரு பாட்டுகூட ‘ஹிட்’ ஆகவில்லை. அடுத்தவர் பாடினால் மட்டும் ஓடியது. பாடகி எமிலூ ஹாரிஸ் எழுபதுகளில் பாஞ்சோவைப் பாடினார். அந்தப் பதிவை வில்லி நெல்சனின் மகள் அப்பாவுக்குக் காட்ட, அவர் ஹாகர்டோடு சேர்ந்து பாட, 1983இல் ‘கன்ட்ரி’ எனும் அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாட்டுகளுக்கான பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் முதலிடம். அதற்கு முன்பே, 1981இல், எமிலூவும் டான் வில்லியம்ஸும் பாடிய, டவுன்ஸ் எழுதிய ‘இஃப் ஐ நீடட் யூ’ அதே பட்டியலில் 3ஆம் இடம் வரை போயிருந்தது. பாடகர் ஸ்டீவ் ஏர்ல் 2009இல் முழு ஆல்பமாகவே டவுன்ஸின் பாட்டுகளைப் பாடி கிராமி விருது வாங்கினார். நெல்சன்–ஹாகர்டு வீடியோவைப் பாருங்கள்: பாட்டில் வரும் மெக்சிகோ போலீஸ்காரர்களில் ஒருவராக டவுன்ஸே வந்து நிற்பார். தன் பாட்டில் தானே துணை நடிகர்!

ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் டவுன்ஸே சொன்ன சம்பவம் இது. வேகமாக ஓட்டினார் என்று டெக்சஸில் இரண்டு போலீஸ்காரர்கள் காரை மடக்கினார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள். பாட்டு எழுதுகிறேன் என்றார். ஐயோ பாவம் என்பதுபோல் பார்த்தார்கள். ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’ நான் எழுதியதுதான் என்றதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், மற்றவர் ஸ்பானிய மொழி வம்சாவளிக்காரர்; போலீஸ் ரேடியோவில் அந்த ஜோடிக்குப் பெயரே பாஞ்சோ, லெஃப்டி! பாட்டு போலீஸ் ரேடியோ வரைக்கும் போயிருந்தது. எழுதியவர் பெயர் போகவில்லை.

அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும் உரிய கட்டணம் கட்டிப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதியவரின் அனுமதி தேவையில்லை. 1909 முதல் ஏற்பாடு இதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை, அதனால்தான் இத்தனை நல்ல பதிவுகள் கிடைத்தன. டவுன்ஸுக்கு ராயல்டி வந்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அனுமதி கேட்க வேண்டாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எங்கே சொல்கிறது?

பழைய இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதிலேயே பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், எழுதியவர் பெயர் இருக்கும். உங்கள் திரையில் அதற்கு இடமில்லை. மூன்று புள்ளியைத் தொட்டு, பகிர்வதையும் தூக்க நேரத்தையும் தாண்டிக் கீழே இழுத்துக்கொண்டே போனால் ஒரு மூலையில் கிடைக்கிறது, சில பாட்டுகளுக்கு அதுவும் இல்லை. வருஷக் கடைசியில் நான் எத்தனை நிமிஷம் கேட்டேன், எந்த மாதம் சோகமாக இருந்தேன் என்றெல்லாம் கலர் கலராகப் படம் போட்டு அனுப்பத் தெரிகிறது. அந்தச் சோகத்தை எழுதியது யார் என்று மட்டும் தெரியாதாக்கும்!

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை. 2021இல் அமெரிக்காவில், யாருக்குச் சேர வேண்டியது என்று பொருத்த முடியாமல் தங்கிப்போன பாட்டெழுத்துப் பணம் என்று உங்கள் தொழிலைச் சேர்ந்த நிறுவனங்கள், எழுதியவர்களுக்குப் பணம் பிரித்துத் தரும் அமைப்பிடம் ஒப்படைத்த தொகை ஏறத்தாழ 42 கோடி 40 லட்சம் டாலர். பெயர் விவரம் சரியாக இல்லாத பாட்டுக்குப் பணம் எப்படிப் போய்ச் சேரும்?

தமிழ்ப் பாட்டுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். இலங்கை வானொலியில் படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். இப்போது கதாநாயகன் படத்தைப் போட்டு, அவர் பெயரில் ஒரு தொகுப்பும் போட்டாயிற்று. வாயசைத்தவருக்கு இருக்கிற இடம் வரி எழுதியவருக்கு இல்லை. சரி, அந்தக் கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

தயவுசெய்து செய்ய வேண்டியது இதுதான். பாட்டு ஓடும் திரையில், பாடியவர் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில் எழுதியவர் பெயரைப் போடுங்கள். அதைத் தொட்டால் அவர் எழுதிய மற்ற பாட்டுகளும், அவற்றை யார் யார் பாடினார்கள் என்பதும் வரட்டும். முதலில், அந்த ‘அசல் பாடல்கள்’ தொகுப்பில் டவுன்ஸின் 1972 பதிவை வையுங்கள். நெல்சனும் ஹாகர்டும் பாடியது பக்கத்திலேயே இருக்கட்டும், நானே அதைத்தான் அடிக்கடி கேட்கிறேன்.

பதில் எழுதுவதானால், பொறுமைக்கு நன்றி சொல்லாமல் எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்