குழி தோண்டும்போது கிடைத்த பை: எங்கள் ஊர்ச் சுற்றுச்சூழல் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவினருக்கு வணக்கம்.

வரும் ஜூன் 5 விழாவுக்கான ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கூட்டத்தில் எழுந்து சொன்னால், "சரி சார், அதையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவீர்கள் என்பது பழக்கத்தில் தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக நானும் இந்தக் குழுவில் இருக்கிறேன். சென்ற ஆண்டு மைக் செட் ஏற்பாடு என் பொறுப்பு. ஆகவே கீழே வரும் குறைகளில் எனக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குள் குழி தயாராக வேண்டுமே என்று ஏழு மணிக்கே மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் கடப்பாரை போட்டோம். இரண்டாவது குத்திலேயே மண் நெகிழ்ந்துகொடுத்தது. எனக்கு அப்போதே சந்தேகம். கோடையில் நம் களிமண் அப்படி நெகிழாது; பாளம் பாளமாக வெடித்துக் கல் போலக் கிடக்கும். அரை அடி போனதும் கறுப்பு பாலிதீன் பை ஒன்று வந்தது. அதற்குள் வேர் சுருண்டு காய்ந்துபோன ஒரு வேப்பங்கன்றின் அடித்தண்டு. அதற்கு முந்தைய விழாவில் நாமே நட்டது. அவசரத்தில் பையைக் கூடக் கிழிக்காமல் இறக்கியிருக்கிறோம்.

அதை எடுத்து ஓரமாக வீசிவிட்டு அதே குழியில் புதுக் கன்றை வைத்தோம். இந்த முறை பையைக் கிழித்தோம் என்பதுதான் ஓராண்டில் நாம் கண்ட முன்னேற்றம். விருந்தினர் வந்தார், பூவாளியைப் பிடித்தார், படம் எடுத்தார்கள், கை தட்டினோம். பூவாளியில் தண்ணீர் இல்லை என்பதை விருந்தினர் கவனித்தாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நான் கவனித்தேன், வாய் திறக்கவில்லை.

இதை யாருடைய அலட்சியம் என்று விசாரிப்பதில் பயனில்லை. நாளே தப்பு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று 1972-இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அது உலகத்துக்கான நாள், மறுக்கவில்லை. நம் மண்ணுக்கு அன்று என்ன பருவம்? அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளே ஜூன் 12. அன்று திறந்தாலும் கல்லணையைத் தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர மேலும் பல நாட்கள் ஆகும். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழை. கடலோர டெல்டாவுக்கு அதைவிடவும் அதிகம். ஐப்பசி கார்த்திகையில் அடை மழை என்று தெரிந்த ஊர், வாய்க்கால் வறண்டு கிடக்கும் வாரத்தில் கன்று நட்டுவிட்டு ஏன் பிழைக்கவில்லை என்று கேட்கிறது. சம்பாவுக்குப் பட்டம் பார்க்கிறோம், உளுந்துக்குப் பார்க்கிறோம். மரத்துக்கு மட்டும் நியூயார்க்கில் குறித்த முகூர்த்தம்!

ஜூன் 5-இல் கூட்டம் நடத்துங்கள், பிள்ளைகளின் ஓவியங்களை வையுங்கள் (விழாவில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான், வாய்க்காலை நீலத்தில் வரையாமல் ஆகாயத்தாமரைப் பச்சையில் வரைந்திருந்த ஒரு குழந்தைக்குப் பரிசு கிடைக்காதது இன்னும் உறுத்துகிறது). கன்று நடுவதை மட்டும் ஐப்பசிக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது விழா முடிந்தபின் நடந்தது. பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மைக் செட்டுக்காகக் காத்திருந்தேன். தூய்மைப் பணியாளர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சாக்கோடு வந்து நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த சின்னத் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கத் தொடங்கினார். பெரும்பாலானவை பாதி குடித்தவை. ஒவ்வொன்றையும் திறந்து மிச்சத்தைக் கொட்டிவிட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்கிச் சாக்கில் போட்டார். "ஏம்மா, அப்படியே போட்டால் என்ன?" என்றேன். தண்ணீரோடு கொண்டுபோனால் பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்கமாட்டாராம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். மிச்சத் தண்ணீரைத் தரையில் கொட்டாமல் கன்றின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாம் நட்ட கன்றுக்கு அன்றைக்குக் கிடைத்த தண்ணீர் அவ்வளவுதான். மேடையில் ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அந்த அம்மாவின் பெயரைக் கூட நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தேநீர் தந்த காகிதக் கப்பின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அந்தக் கப்பும் இருக்கிறது. வந்தவர்களுக்குக் கொடுத்த பச்சைப் பை துணி மாதிரி தெரிந்தது. கொளுத்திப் பாருங்கள், உருகிச் சொட்டும், அது பாலிபுரொப்பிலீன். "மரம் வளர்ப்போம்" என்ற ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டக் கம்பம் போதவில்லை என்று வாசல் புங்கமரத்தில் ஆணி அடித்தார்கள். ஆணியை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் பெற்ற மண்டபமல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டுகிறவர்கள் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டாரும் கட்சிக்காரர்களும் இதைச் செய்வதில்லை என்று நாம் குறை சொல்லலாம். நாம் செய்தோமா?

சரி, குறை போதும். என் மனத்தில் இருப்பது வேறு.

நமக்குக் கூப்பிடு தூரத்தில், திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் திருவிழா நடக்கிறது. நம்மில் சிலர் போயிருக்கிறோம். மறைந்த நெல் ஜெயராமன் தொடங்கிவைத்தது. அங்கே பாரம்பரிய விதைநெல்லை விலைக்குக் கொடுப்பதில்லை. மாப்பிள்ளைச் சம்பாவோ காட்டுயானமோ பூங்காரோ இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர், விதைத்து அறுத்து அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஊர் ஊராக அலைந்து அவர் மீட்ட 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் பரவியது இப்படித்தான். 2018 டிசம்பரில் அவர் காலமானார், திருவிழா நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். வாங்கிப் போனவர் தலையில் ஒரு கடன் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வருகிறவரை மறுபடி அழைக்க அழைப்பிதழ் தேவையில்லை. விளைச்சல் எப்படி, பூச்சி தாக்கியதா, தண்ணீரில் சாய்ந்ததா என்று சொல்லவும் அவரிடம் சங்கதி இருக்கும்.

நம் விழாவில் கன்று வாங்கிப் போன முந்நூறு பேரும் நமக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. நாமும் கேட்கப் போவதில்லை. இலவசமாகக் கொடுத்து மறந்துவிடுகிறோம், அவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, கொடுக்கும்போதே கடனாகக் கொடுங்கள். முந்நூறு வேண்டாம், முப்பது பேருக்குப் போதும். முருங்கைக் கன்று வாங்கியவர் அடுத்த ஆண்டு ஒரு கட்டுக் கீரையோடு வரட்டும். சுரைக்காய் விதை பத்து வாங்கியவர் முற்றிய காயிலிருந்து இருபது விதையைத் தாளில் மடித்துக் கொண்டுவரட்டும். காய்க்கவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வரட்டும். ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டால் போதும், செயலி எல்லாம் வேண்டாம். மளிகைக் கடைப் பற்று நோட்டு நூறு வருடமாக வேலை செய்கிற ஏற்பாடு.

மேடைக்குப் பதில் மூன்று பெஞ்சு போடுங்கள். கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்கிறவர் இருக்கிறார். மிக்ஸி, மின்விசிறி மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிறவர் இருக்கிறார். அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறவர் மாதம் ஒருமுறை தெருவுக்கு வருகிறார். அவர்களுக்கு ஒருநாள் கூலியைக் குழு கொடுக்கட்டும். சனங்கள் வீட்டில் ஓடாமல் கிடப்பதைக் கொண்டுவரட்டும். மறுசுழற்சி பற்றி நாற்பது நிமிட உரை கேட்டவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வரியாவது நினைவிருக்கும்? ஓடாத மின்விசிறி ஓடினால் அந்த வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள்.

மஞ்சப்பையும் இனி வாங்க வேண்டாம். 2021 டிசம்பரில் அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு விழாவிலும் கொடுக்கிறார்கள்; அதற்கு முன்பே கல்யாணத் தாம்பூலத்தில் வந்தவை வேறு. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு தொங்குகின்றன. கடைக்குப் போகும்போது கை வீசிக்கொண்டு போகிறேன். குறை பையில் இல்லை.

மேடையும் விருந்தினரும் இல்லாமல் ஊர் கூடுவது நமக்குப் புதிதா என்ன? சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாயில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் மிரளக்கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கடற்கரையோரம் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். ஊர்க்காரர்களும் உடன் நடக்கலாம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஓர் இடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும். நம் கோயில் குளத்தங்கரையில் அடுத்த பொங்கலுக்கு நாலு பேர் நின்றால் நாமும் சேர்ந்துவிட்டோம். நீர்க்காகம் எது, பாம்புத்தாரா எது என்று எனக்கே குழப்பம்தான். பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள்.

இதில் எதையும் செய்ய முடியாது, விருந்தினருக்குச் சொல்லியாகிவிட்டது, ஃபிளெக்ஸுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். கிழக்கு ஓரத்துக் குழியை இந்த ஜூனில் தொடாதீர்கள். அதிலிருந்த கன்று ஆவணியிலேயே போய்விட்டது. ஐப்பசியில் இரண்டு மழை பெய்து மண் இறங்கியதும் எங்கள் வீட்டுப் பின்வேலியிலிருந்து கைத்தடிப் பருமனில் ஒரு பூவரசம் போத்து வெட்டிக்கொண்டு வருகிறேன். பூவரசுக்கு நாற்றங்கால் பை தேவையில்லை, அப்படியே ஊன்றினால் துளிர்க்கும். ஆடு கடிக்காமல் முள் கட்ட மட்டும் யாராவது இரண்டு பேர் வாருங்கள். புங்கமரத்து ஆணியைப் பிடுங்கக் குறடும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒருவன்