புரோவோவுக்குப் போகலாமா என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று நீ போனில், "புரோவோ பக்கம் வேலை கிடைத்திருக்கிறதும்மா, போகலாமா?" என்று கேட்டபோது, அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்பாவிடம் கேட்க ஒன்றுமில்லை. எனக்குத்தான் உடனே பேச வரவில்லை. போனில் ஆரம்பித்தால் பாதியில் குட்டி உன்னைக் கூப்பிடுவாள், நீ அடுப்பைப் பார்க்க ஓடுவாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

1998ல் நாம் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் புரோவோவுக்குப் போனபோது உனக்கு மூன்று வயது. 2004ல் கிளம்பியபோது ஒன்பது. நீ இப்போது ஆசையோடு சொல்வதெல்லாம் அந்தக் குழந்தை பார்த்த ஊர். டிம்பனோகஸ் மலையில் ஜூன் வரைக்கும் தங்கும் பனி, கணவாய்ப் பாதையில் நின்று நாம் பார்த்த பிரைடல் வெய்ல் அருவி, 2002ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்து நம் ஊரிலேயே ஐஸ் ஹாக்கி ஆடியது. எல்லாம் நிஜம்தான். அதே ஊரை நான் முப்பது வயதில், வேலைக்குப் போக அனுமதியில்லாத எச்4 விசாவில், நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்து பார்த்தேன். அதையும் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஊரில் பெரும்பாலோர் மார்மன் என்று நாம் சொல்லும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். முதலில் உனக்குப் புரியவேண்டியது அவர்களுடைய 'வார்டு'. நம் ஊரில் கவுன்சிலருக்கு வார்டு இருப்பது போல அவர்கள் சபைக்கும் தெருத் தெருவாக எல்லை உண்டு. நீ குடியிருக்கும் முகவரிதான் நீ எந்த வார்டு என்று சொல்லும். பிடித்த சர்ச்சாகப் பார்த்துப் போகிற வழக்கம் அங்கே இல்லை. அதனால் உன் எதிர்வீடு, பக்கத்து வீடு, பின்தெரு எல்லாரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஒரே கட்டடத்தில் சேர்ந்து உட்காருகிறவர்கள். அவர்களுடைய பிஷப் சம்பளம் வாங்குகிற சாமியார் கிடையாது. நம் தெருவில் பிஷப்பாக இருந்தவர் வாரநாளில் பல் டாக்டர். யார் வீட்டில் பிரசவம், யாருக்கு வேலை போனது, யார் வீட்டுக் குழாய் உறைந்துவிட்டது என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். புதிதாக வந்த வீட்டின் வாசலில் ரொட்டி வந்துவிடும். நாம் போன முதல் வாரத்தில் நான்கு வீட்டு ரொட்டி வந்தது. நான்கையும் எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் உப்புமா போலத் தாளித்துச் சாப்பிட்டோம்.

அந்த அன்பு பொய்யில்லை, கண்ணு. நம்மை மதம் மாற்றத்தான் செய்கிறார்கள் என்று சிலர் உன்னிடம் சொல்வார்கள். அழைப்பார்கள், அதை மறுக்கவில்லை. கோட்டும் டையும் பெயர்ப் பட்டையும் மாட்டிய பையன்கள் இரண்டு பேர் கதவைத் தட்டுவார்கள். "வேண்டாம், எங்களுக்கென்று சாமி இருக்கிறது" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போவார்கள். அதற்கப்புறமும் ரொட்டி வரும்.

உன் அப்பச்சி, என் அப்பா, இறந்தது 2001 ஜனவரியில். பொள்ளாச்சியிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. விசா முத்திரையில் சிக்கல் இருந்ததால் போனால் திரும்பி வர முடியாது என்ற நிலை. நான் போகவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசல் பனி முழுக்க யாரோ வழித்துப் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவின் கணவர். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, விடியும் முன்பே எரிந்த விளக்கைப் பார்த்து ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாராம். பத்து மணிக்கு அந்த அம்மா வந்து, "இந்த நாட்களில் என்ன சாப்பிடுவீர்கள், எது கூடாது?" என்று கேட்டார். காரியம் முடியும்வரை கவுச்சி ஆகாது என்றேன். சாயங்காலம் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு ஓவனில் வேகவைத்து, மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவிய ஒரு தட்டைக் கொண்டுவந்தார். வழக்கமாக அதில் கோழி சூப் சேர்ப்பார்களாம். எனக்காகக் காளான் சூப் வைத்துச் செய்திருந்தார். அதன் பேரே அங்கே 'சாவு வீட்டு உருளைக்கிழங்கு' என்று பிற்பாடுதான் தெரிந்தது. பதினாறு நாளும் யாராவது ஒருவர் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். சொந்த ஊரில் இருந்திருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், அடுத்துச் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவர்களை நீ தப்பாக நினைக்கக்கூடாது.

அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டு வயதானால் ஞானஸ்நானம். உனக்கு எட்டு நடந்த அந்த வருடம் உன் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வெள்ளை உடுப்புப் போட்டுத் தண்ணீரில் முழுகினார்கள். எல்லாவற்றுக்கும் உன்னைக் கூப்பிட்டார்கள், நானும் அனுப்பினேன். அதற்கப்புறம் அந்தப் பெண்களுக்கு வாரநாள் சாயங்காலங்களில் தனியாகக் கைவேலை, சமையல் என்று சபையில் ஏதாவது நடக்கும். திங்கட்கிழமை ராத்திரி வீட்டாரோடு மட்டும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம், விளையாட வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்போதெல்லாம் மூன்று மணி நேரம் சபை, பிறகும் தெருவில் சத்தமிருக்காது. கடைகள் பாதிக்கு மேல் பூட்டியிருக்கும். நீ ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாய்.

ஒரு ராத்திரி தலை வாரிவிடும்போது கேட்டாய்: "அம்மா, நாம மூணு பேரும் செத்துப்போனா தனித்தனியா போயிடுவோமா?" யார் சொன்னது என்றேன். உன் சிநேகிதி சொன்னாளாம். அவர்களுடைய கோவிலுக்குள் (ஞாயிற்றுக்கிழமை கூடும் கட்டடம் வேறு, கோவில் வேறு) 'முத்திரை' என்ற சடங்கு செய்த குடும்பம்தான் இறந்த பிறகும் என்றென்றும் சேர்ந்திருக்கும், அதனால் நீங்களும் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று. அந்தக் குழந்தைக்கு உன்மேல் அவ்வளவு பாசம். உன்னை விட்டுப் பிரியக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறாள். அது அவர்கள் நம்பிக்கையின் நடுமையம், அவள் இட்டுக்கட்டவில்லை. உனக்கு இது ஞாபகம் இருக்காது. நீ தூங்கிவிட்டாய். நானும் அப்பாவும் விடியும்வரை தூங்கவில்லை. மறுவாரமே அப்பா வேறு மாநிலத்தில் வேலை தேட ஆரம்பித்தார்.

கம்பெனி மாற்றியதால் ஊர் மாறினோம் என்று உன்னிடம் இத்தனை வருடமும் சொன்னது பாதி உண்மைதான். மீதி இது.

இப்போது யோசிக்கும்போது என் மனதை அறுப்பது அந்தச் சிறுமி சொன்னது இல்லை. நீ கேட்டபோது என்னிடம் பதில் இல்லாமல் இருந்ததுதான். அப்பச்சி எங்கே போனார் என்று உனக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பதை அங்கே போனதும் விட்டுவிட்டேன். தெரு முழுக்க ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டும் கதையும் கூட்டமும் இருந்தது, நம் வீட்டில் டிவி இருந்தது. பத்து மைல் தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் மேட்டின்மேல் ராதாகிருஷ்ணர் கோவில் அப்போதே வந்துவிட்டது. மார்ச் கடைசியில் ஹோலி என்றால் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டமாக அங்கே வந்து சாயம் பூசி ஆடுவார்கள், மது வாசனையே இல்லாமல். அவர்கள் நம் கோவிலுக்கு ஆர்வமாக வந்தார்கள். நாம் வருடத்துக்கு இரண்டு தடவை போனோம்.

இன்னொன்று. எதிர்வீட்டு அம்மாவிடம் நான் போய்ச் சொல்லியிருக்கலாம். "உங்கள் பேத்தி சொன்னது என் பெண்ணைப் பயமுறுத்திவிட்டது" என்று சொல்லியிருந்தால் அவர் கண்டிப்பாகப் புரிந்துகொண்டிருப்பார். அந்தச் சிறுமி அவர் பேத்திதான். ஒன்றும் சொல்லாமல் வீட்டைக் காலி செய்தேன். வேனில் சாமான் ஏற்ற பத்துப் பேரைக் கூட்டிவந்தார் அவர்.

சரி, இனி உன் விஷயம். போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குட்டிக்கு இப்போது ஐந்து வயது. உங்களுக்கு மூன்று வருடம் இருக்கிறது. அவள் எட்டாவது வயதில் அதே கேள்வியோடு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் சொல்ல ஒரு பதில் வேண்டும். இருவருக்கும் ஒரே பதிலாக இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். அது குறையில்லை. அவர் நம்புவதை அவளிடம் தெளிவாகச் சொல்லட்டும். மௌனமாக மட்டும் இருக்கவேண்டாம். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்ல ஏதோ இருக்கிறது.

வளர வளர இது குறையாது என்பதையும் தெரிந்துகொள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் வெளியே போய், பக்கத்திலிருக்கும் சபைக் கட்டடத்தில் வேதம் படித்துவிட்டு வருவார்கள். கூடப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே போகும்போது உன் பெண் பள்ளியிலேயே இருப்பாள். பதினெட்டு வயதில் பையன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்றில் கல்யாணம் சர்வசாதாரணம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வெளியிலிருந்து அந்த மதத்தில் சேர்ந்தவள். அவள் கல்யாணம் அவர்களுடைய கோவிலுக்குள் நடந்தது. உறுப்பினரல்லாதவர்கள் அதற்குள் போக முடியாது என்பதால் பெற்றவர்கள் இருவரும் வெளியே பூச்செடிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். 2019ல் வேறொரு விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், முன்பெல்லாம் அமெரிக்காவில் எல்லாரும் பார்க்கும்படி வெளியே சாதாரணக் கல்யாணம் முதலில் செய்தால் கோவிலுக்கு ஒரு வருடம் காத்திருக்கவேண்டும், இப்போது அப்படியில்லை. அந்த நாள் வருமோ வராதோ, உன் பெண் யாரைக் கட்டினாலும் எனக்குச் சம்மதம். அந்த பெஞ்சை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

ஊர் நடுவில் டாபர்னகிள் என்று அவர்களுடைய பழைய செங்கல் கூட்ட மண்டபம் இருந்ததே, கிறிஸ்துமஸ் பாட்டுக் கச்சேரிக்கு உன்னைக் கூட்டிப்போனேன். 2010 டிசம்பரில் அது எரிந்துபோனது. வெளிச்சுவரை அப்படியே காப்பாற்றி உள்ளே கோவிலாகக் கட்டி 2016ல் திறந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அன்றைக்கு நாம் முன்வரிசையில் உட்கார்ந்த கட்டடத்துக்குள் இன்று நாம் நுழைய முடியாது. நீ வெளியே நின்று பார்த்துவிட்டு வா, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்குச் சொல்.

சில நடைமுறை விஷயங்கள். ஆபீஸ் லீஹையில் என்றாயே, அது புரோவோவுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் நடுவில். வடக்கே சவுத் ஜோர்டானில் கணேசர் கோவில் இருக்கிறது, நம் ஆட்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். வீடு உடனே வாங்காதீர்கள், ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். பார்க்கப் போவதென்றால் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துப் போங்கள். ஜனவரியில் மலைகளுக்கு நடுவே குளிர்காற்று தேங்கி, புகை கீழேயே நின்றுவிடும், நாள் கணக்கில் எதிர்மலை தெரியாது. குட்டிக்கு மூச்சிரைப்பு இருப்பதால் இதை டாக்டரிடம் கட்டாயம் கேள். மாவு அந்தக் குளிரில் புளிக்காது, ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வை. மாப்பிள்ளைக்குச் சொல், ஒயினும் பிராந்தியும் அரசுக் கடையில்தான், ஞாயிறு மூடியிருக்கும். அப்புறம், நாம் அந்த நாளில் 'மார்மன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2018ல் அவர்கள் தலைவர் அப்படிச் சொல்லவேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆபீஸில் நீயும் அப்படியே சொல்.

காபியை ஒளிக்காதே. யாராவது வந்தால் நான் டிகாஷன் பாத்திரத்தை அலமாரிக்குள் வைத்துவிடுவேன். அவர்களுக்குக் காபியும் ஆகாது, டீயும் ஆகாது. ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா வாசனையை மோந்துவிட்டு, "உங்கள் வீட்டில் நீங்கள் குடியுங்கள், எனக்குத் தண்ணீர் போதும்" என்றார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அப்புறம் அவருக்காகச் சுக்குமல்லி கொதிக்கவைத்தேன். இதில் காபிக்கொட்டையும் இல்லை, தேயிலையும் இல்லை, சுக்கும் கொத்தமல்லியும் கருப்பட்டியும்தான் என்று விளக்கினேன். அதன்பிறகு பனிக்காலம் வந்தால் கேட்டு வாங்கிக் குடிப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் இரண்டு வேளை பட்டினி இருந்து அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். விரதம் முடித்த சாயங்காலம் முதலில் அதைத்தான் குடிக்கவேண்டும் என்று என் வீட்டுக்கு வருவார்.

அவருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். போன டிசம்பரிலும் வாழ்த்து அட்டை வந்தது, கையெழுத்து நடுங்கியிருக்கிறது, அதே முகவரி. நீ ஊர் பார்க்கப் போகும்போது குட்டியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. நாங்கள் ஏன் கிளம்பினோம் என்பதைச் சொல். நான் எழுதலாம் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், கை வரவில்லை. சுக்குமல்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன். அடுத்த பார்சலில் இரண்டு டப்பா வரும், சிவப்பு மூடி அவருக்கு.

அன்புடன்,
அம்மா